மாரி வெள்ளத்தைக் குளத்துக்கு விடுவோம்: வாய்க்கால் யோசனை பற்றிய என் கருத்து

அன்பார்ந்த சங்க உறவுகளுக்கு வணக்கம்.

பிரதான வீதியோரமாகக் கொங்கிறீற்று வாய்க்கால் கட்டி, மாரி வெள்ளத்தை, கடல்நீரேரியைச் சேரும் வழுக்கையாற்றில் நேரே விடுவதற்குச் சங்கம் நிதி திரட்ட வேண்டும் என்ற யோசனை குறித்து எழுதுகிறேன். ஒழுங்கைகளில் முழங்காலளவு நீர் நின்று முதியவர்கள் படும் அவதி உண்மையானது. 2008 நவம்பரில் நிஷா புயலின்போதும் 2020 டிசம்பரில் புரெவிப் புயலின்போதும் யாழ்ப்பாணக் குடாநாடு பட்ட பாட்டை நாம் எல்லோரும் அறிவோம். வெள்ளம் வடியத்தான் வேண்டும். ஆனால் அது கடலுக்கு வடிவதை என்னால் ஏற்க இயலவில்லை.

குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு கிடையாது. கந்தரோடை, சண்டிலிப்பாய் வழியாகச் சென்று அராலியில் கடல்நீரேரியைச் சேரும் வழுக்கையாறும் மாரியில் மட்டுமே ஓடுகிறது. நாம் குடிப்பதும் தோட்டத்துக்கு இறைப்பதும் சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகளுக்குள் இறங்கித் தங்கிய மழைநீரையே. அந்த நன்னீர், அடியிலுள்ள உவர்நீரின்மேல் மிதந்து நிற்கிறது. நிலத்தடி நீரியலின் பொதுக் கணக்கின்படி, கடல்மட்டத்துக்கு மேலே நன்னீர் ஓர் அடி நின்றால், அதற்குக் கீழே ஏறத்தாழ 40 அடி வரை நன்னீர் நிற்கும். மேலே அந்த ஓரடி குறைந்தால் கீழே உவர் அத்தனை தூரம் ஏறிவரும். ஐப்பசி முதல் மார்கழி வரை நிலத்துக்குள் இறங்காமல் போன நீரைச் சித்திரையில் எங்கிருந்தும் பெற முடியாது.

நம் முன்னோர் இதை அறிந்தே ஊரை அமைத்திருந்தார்கள். ஒழுங்கைகள் வளவுகளை விடத் தாழ்வாக இருந்தன; மழைக்காலத்தில் அவையே வெள்ள வாய்க்கால்களாகிக் குளத்தில் போய் முடிந்தன; குளத்தில் தங்கிய நீர் மெல்ல நிலத்துக்குள் இறங்கியது. கதியால் (நட்டுத் துளிர்த்த மரக்கிளை) வேலிகளின் அடியால் ஒரு வளவின் நீர் அடுத்த வளவுக்குத் தடையின்றிச் சென்றது. இன்று ஒழுங்கைகள் மேலும் மேலும் உயர்த்தப்பட்டு வளவுகள் பள்ளமாகிவிட்டன, பழைய மதகுகள் சில வீதிக்கு அடியில் புதைந்துவிட்டன, வேலிகள் இருந்த இடத்தில் அத்திவாரத்தோடு கூடிய மதில்கள் எழுந்துவிட்டன. அந்த மதில்களிற் பல, வெளிநாட்டிலிருக்கும் நாம் பூட்டி வைத்திருக்கும் வளவுகளைச் சுற்றி நிற்பவை என்பதை வருத்தத்தோடு சொல்லவேண்டியுள்ளது. இரண்டு பரப்பு (ஏறத்தாழ 500 சதுர மீற்றர்) வளவில் 100 மில்லிமீற்றர் மழை பெய்தால் சுமார் 50,000 லீற்றர் நீர் சேரும். முற்றம் முழுவதற்கும் சீமெந்து போட்டால், அது அத்தனையும் அயலவர் வாசலுக்கே போகும்.

எனவே பணத்தை முதலில் வாய்க்காலில் போடாமல், நிலமட்டத்தை அளந்து நீர் இயல்பாக ஓடும் தடத்தை வரைபடமாக்குவதில் போடுவோம். அத்தடத்தில் நிற்கும் மதில்களின் அடியில் கம்பிவலையிட்ட திறப்புகள் வைத்தல், புதைந்த மதகுகளை மீட்டல், நீர் குளத்துக்குள் நுழையும் இடத்தில் வண்டலும் பிளாஸ்ரிக்கும் தங்க ஒரு குழி அமைத்தல் ஆகியவை பெரிய செலவில்லாத வேலைகள். குளத்தைத் தூர்வார வேண்டுமானால், அது யாருடைய பொறுப்பில் உள்ளது என்பதைக் கமநல சேவை நிலையத்திலும் பிரதேச சபையிலும் கேட்டு, எழுத்தில் அனுமதி பெற்றே தொடங்க வேண்டும். இவையெல்லாம் செய்த பின்பும் குளம் நிரம்பி வழிந்தால், அந்த மிகைநீருக்கு மட்டும் வழுக்கையாறு வரை வாய்க்கால் வெட்டுவதில் எனக்கு மறுப்பில்லை.

வீதி வெள்ளத்தைக் கைவிடப்பட்ட கிணறுகளுக்குள் திருப்பிவிடலாம் என்று சிலர் கூறுவதை மட்டும் தயவுசெய்து ஏற்க வேண்டாம். சுண்ணாம்புக்கல் நீரை வடிகட்டுவதில்லை. வீதி எண்ணெயும் மலசலகூடக் குழியின் கழிவும் அதே வெடிப்புகள் வழியே அயல் கிணற்றைச் சென்றடையும். உரத்தால் கிணற்று நீரில் நைத்திரேற்று கலந்த சிக்கலே நமக்குப் போதுமானது.

நீரோடும் தடத்தில் வளவு வைத்திருப்போர், மதிலில் திறப்பு வைப்பதற்கான சம்மதக் கடிதத்தை ஊரிலுள்ள உறவினரிடமோ சங்கச் செயலாளரிடமோ ஆவணி முடிவதற்குள் கொடுத்துவிடுமாறு வேண்டுகிறேன். புரட்டாதியில் வேலை தொடங்கினால்தான் ஐப்பசி மழைக்கு முன் முடிக்கலாம்.