பவளப் புதைபடிவக் கல்: பக்கவாட்டைப் பாருங்க

பழங்காலப் பவளம் கல்லாக மாறிய இந்தக் கல்லை அசலா போலியா என்று பார்த்து வாங்கும்போது முகத்தைவிடப் பக்கவாட்டுதான் முக்கியம். மேலே தெரியும் ஒவ்வொரு பூ வடிவமும் பவள உயிர் குடியிருந்த குழாயின் குறுக்குவெட்டு. கட்டு முருங்கைக்காயைக் குறுக்கே வெட்டினால் வட்டம், நெடுக்கே பிளந்தால் கோடு; அதே கணக்குதான் இங்கேயும். முகத்தில் பூ இருந்தால், விளிம்பு வளைந்து இறங்கும் இடத்தில் அது நீண்டு கோடாக வேண்டும். உருண்டை மணியில் எல்லாப் பக்கமும் ஒரே அளவு வட்டப் பூ தெரிந்தால் அது அச்சிட்ட வேலை. 10 மடங்கு லென்ஸில் அச்சு புள்ளி புள்ளியாக உடையும். அசலில் நடுவிலிருந்து மெல்லிய சுவர்கள் விரியும், எந்த இரண்டு பூவும் அச்சு அசலாக ஒத்திருக்காது.

—

சரி. ரெசினில் (பிளாஸ்டிக் மாதிரியான செயற்கைப் பிசின்) வார்த்த போலியைப் பிடிக்க எடையும் பாருங்க. 0.01 கிராம் தராசில் கல்லை உலர்வாக நிறுங்க. பிறகு தண்ணீர் டம்ளரை வைத்து பூஜ்யமாக்கி, கல்லை நூலில் கட்டி, அடியைத் தொடாமல் முழுக்க மூழ்கவிடுங்க. முதல் எடையை இப்போது தராசு காட்டும் அளவால் வகுக்கணும். 5.20 கிராம் கல்லுக்கு 2.00 வந்தால் 2.60, அகேட்டாக (சிலிக்கா வகைக் கல்) மாறிய பவளத்துக்குப் பொருத்தம். வெறும் ரெசின் 1.1, 1.2 பக்கம் நிற்கும். கல்லில் காற்றுக்குமிழ் ஒட்டினால் கணக்கு குறைவாக வரும், ஒரு சொட்டு சோப்புத் தண்ணீர் போதும். சாதாரணக் கண்ணாடியும் 2.5 பக்கம் வருவதால் இதை மட்டும் நம்பாதீங்க. வெள்ளியில் பதித்த கல்லுக்கு இந்தச் சோதனை உதவாது.

—

"கத்தி கீறினால் போலி" என்று பலர் சொல்வதால் நல்ல கற்கள் ஒதுக்கப்படுகின்றன, வருத்தமா இருக்கு. இந்தோனேசியா, ஃப்ளோரிடா கற்கள் சிலிக்காவாக மாறியவை, மோஸ் அளவுகோலில் (1 முதல் 10 வரை) கடினம் 6.5 முதல் 7, கத்தி கீறாது. அமெரிக்காவின் மிச்சிகனில் கிடைக்கும் பெட்டோஸ்கி என்ற பவளக் கல் கால்சைட் (சுண்ணாம்புக் கனிமம்), கடினம் 3, கத்தி கீறும். சுமார் 40 கோடி ஆண்டுக்கு முந்தைய டெவோனியன் காலத்து ஹெக்ஸகோனேரியா என்ற பவளம் அது, முழு அசல். அமிலம் பட்டால் நுரைக்கும், பளபளப்பும் போய்விடும். பின்பக்கம் மட்டும் சொட்டு விடுங்க. பளிங்குத் தூள் கலந்த ரெசினும் நுரைக்கும் என்பதால் நுரை மட்டும் சாட்சி ஆகாது.

—

பளீர் நீலம், கருஞ்சிவப்பு என்றால் மணியின் துளையோரம் அசிட்டோன் பஞ்சால் துடைங்க, சாயம் அங்கேதான் தேங்கும்.

இன்னொன்று: வெள்ளையாக, துளைகள் திறந்தே இருக்கும் துண்டைப் புதைபடிவம் என்று விற்றால் வாங்காதீங்க. அது பெரும்பாலும் இப்போதைய பவளத்தின் எலும்புக்கூடு. மன்னார் வளைகுடாவில் இருப்பவை உட்பட கல்பவளங்கள் எல்லாம் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன, வாங்குவதும் குற்றம்.