தட்டானின் முன்னிறக்கை ஏறும்போது பின்னிறக்கை ஏன் இறங்குகிறது?

வாய்க்கால்கரை:

எங்கள் ஊர் லால்குடி பக்கம். போன ஞாயிற்றுக்கிழமை போர்செட் தொட்டியில் ஒரு பெண் தட்டான் வாலை நீரில் தொட்டுத் தொட்டு முட்டையிட்டுக்கொண்டிருந்தது. ஒரு முழம் மேலே சிவப்பு ஆண் ஒன்று அந்தரத்தில் அப்படியே நின்று காவல் காத்தது. ஏழாவது படிக்கும் என் மகள் அதைக் கைபேசியில் ஸ்லோமோஷனில் எடுத்தாள், நொடிக்கு 240 படம்.

இரவு ஒவ்வொரு படமாக நகர்த்திப் பார்த்தோம். இறக்கை மேலிருந்து இறங்கி மறுபடி மேலே வர ஏழு படம் ஆகிறது. அப்படியானால் நொடிக்கு 34 முறை, கணக்கு சரிதானே? புரியாதது வேறு. முன்னிறக்கைகள் மேலே இருக்கும்போது பின்னிறக்கைகள் கீழே இருக்கின்றன. ஆனால் இன்னோர் ஆண் உள்ளே வந்ததும் இது துரத்தப் பாய்கிறதே, அந்த இடத்தில் நான்கும் ஒன்றாக இறங்குகின்றன. எதற்காக மாற்றிக்கொள்கிறது?

அப்புறம், டியூப்லைட் வெளிச்சத்துக்கு வந்த பெரிய பச்சைத் தட்டான் ஒன்று இரவு முழுக்கத் திண்ணைச் சுவரிலேயே இருந்தது. விடிந்ததும் பறக்காமல் இறக்கையை மட்டும் நடுக்கிக்கொண்டே இருந்தது. அடிபட்டுவிட்டது என்று மகள் அழுதுவிட்டாள். கொஞ்ச நேரத்தில் நன்றாகவே பறந்துபோனது. அது என்ன நடுக்கம்?

கண்மாய்க்கரையான்:

கணக்கு சரிதான் சகோதரி. தட்டான்களுக்கு நொடிக்கு 30, 40 அடிதான். வீட்டு ஈ 200 வரை அடிக்கும். இந்த வித்தியாசத்துக்குள்தான் உங்கள் கேள்விக்குப் பதில் இருக்கிறது.

ஈயின் பறக்கும் தசைகள் இறக்கையில் நேராக ஒட்டியிருப்பதில்லை. அவை நெஞ்சுக்கூட்டை அமுக்கி விரிக்கின்றன. கூடு நெளிய நெளிய இறக்கை தானாக ஏறி இறங்குகிறது. நரம்பு ஒரு தடவை தூண்டினால் தசை பல தடவை சுருங்கும். தட்டானில் அப்படி இல்லை. தசை நேராக இறக்கையின் அடியில் பிடித்திருக்கிறது, நான்கு இறக்கைக்கும் தனித்தனித் தசை. ஒவ்வோர் அடிக்கும் நரம்பிலிருந்து தனிக் கட்டளை போக வேண்டும். அதனால் வேகம் குறைவு. ஆனால் எந்த இறக்கையை எப்போது, எவ்வளவு சாய்த்து அடிப்பது என்பது முழுக்க அதன் பிடியில் இருக்கிறது. பின்னால் பறக்கிறது, நின்ற இடத்திலேயே திரும்புகிறது என்றால் இதனால்தான்.

எதிரெதிராக அடிப்பதற்கு வருவோம். ஒரே உரலில் இரண்டு பேர் உலக்கை போடுவதைப் பார்த்திருப்பீர்கள். ஒருவர் தூக்கும்போது இன்னொருவர் குத்துவார். குத்து இடைவிடாமல் விழும். தட்டான் அந்தரத்தில் நிற்கும்போதும் அதே முறைதான். ஏதாவது ஒரு ஜோடி எப்போதும் எடையைத் தாங்குவதால் உடம்பு குலுங்காது. இன்னொரு லாபமும் உண்டு. முன்னிறக்கை தள்ளிவிட்ட காற்று சுழன்றபடி கீழே போகிறது. பின்னிறக்கை சரியான சமயத்தில் அதற்குள் இறங்கினால் அந்தச் சுழற்சியில் வீணாகும் சக்தியில் கொஞ்சத்தைத் திரும்ப எடுக்கலாம். 2008இல் அஷர்வுட், லேமன் இருவரும் இயந்திர இறக்கைகளை வைத்து அளந்தபோது, ஒரே ஜோடி இறக்கையோடு ஒப்பிட 22 சதவீதம் வரை மிச்சமாகும் என்று கண்டார்கள்.

பாயும்போது சிக்கனம் முக்கியமில்லை, விசைதான் முக்கியம். நான்கும் ஒன்றாக இறங்கினால் அந்த நொடியில் கூடுதல் உந்து கிடைக்கும். 2007இல் கார்னெல் பல்கலைக்கழகத்தின் ஜேன் வாங்கும் ரஸ்ஸலும் கணக்குப் போட்டுச் சொன்னதும் இதுதான். உங்கள் மகள் போர்செட் தொட்டியில் அதையே படம் பிடித்திருக்கிறாள். அந்த வீடியோவை அழித்துவிடாதீர்கள்.

நடுக்கம் காயம் இல்லை. பறக்கும் தசை சூடாக இருந்தால்தான் முழு வலுவோடு வேலை செய்யும். உட்கார்ந்து உட்கார்ந்து பறக்கும் சின்ன ரகங்கள் வெயில் காய்ந்து சூடேறும். உங்கள் திண்ணைக்கு வந்தது போன்ற பெரிய ரகங்கள் இறக்கையை ஏற்றும் தசையையும் இறக்கும் தசையையும் சேர்த்து இயக்கி, நடுங்கியே சூடேற்றிக்கொள்ளும்.

உச்சிவெயிலில் இதற்கு நேர்மாறான சிக்கல். குச்சி நுனியில் வாலைச் செங்குத்தாகத் தூக்கி நிற்கும் தட்டான்களைப் பார்த்திருப்பீர்கள். வால் நுனி சூரியனை நோக்கி இருந்தால் உடம்பில் படும் வெயில் குறையும்.

நாம் வால் என்கிறோம், உண்மையில் அது வயிறு. இதயக் குழாய் அதற்குள்தான் ஓடுகிறது. நுரையீரல் இல்லாத பூச்சி. வயிற்றைச் சுருக்கி விரித்துத்தான் காற்றை உள்ளே இழுக்கிறது. பறந்து வந்து உட்கார்ந்த தட்டானை அருகிலிருந்து பார்த்தால் வயிறு மூச்சு வாங்குவது தெரியும். பெரிய ரகங்களில் நெஞ்சில் கூடிய சூட்டை இரத்தம் இந்த வயிற்றுக்குக் கொண்டுவந்து ஆற்றுகிறது. சின்ன வயதில் நான் அந்த வாலில்தான் நூல் கட்டிப் பறக்கவிட்டேன், கல் தூக்க வைத்தேன். எத்தனை தட்டான் என்று எண்ணிக்கை இல்லை. மூச்சும் இதயமும் ஓடும் இடத்தை இறுக்கியிருக்கிறேன் என்று தெரிந்த நாளில் மனசு கனத்துப்போனது. இன்றைக்கும் எந்தப் பிள்ளை கையில் நூலைப் பார்த்தாலும் நின்று சொல்லிவிட்டுத்தான் போகிறேன்.

மாலேவாசி:

அண்ணன் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். நான் மாலத்தீவில் வேலை பார்க்கிறேன். அக்டோபர் வந்தால் இங்கே மஞ்சள் தட்டான்கள் கூட்டங்கூட்டமாக வந்து இறங்கும். பான்டாலா ஃபிளாவெசென்ஸ் என்பது அறிவியல் பெயர். குஞ்சு பொரிக்கத் தேங்கிய நன்னீர் இந்தத் தீவுகளில் அநேகமாகக் கிடையாது. பிறகு எங்கிருந்து வருகின்றன என்று கடல் உயிரியலாளர் சார்லஸ் ஆண்டர்சன் வருடக்கணக்கில் குறித்துவைத்து, இந்தியாவிலிருந்து கடல் தாண்டி வந்து கிழக்கு ஆப்பிரிக்கா நோக்கிப் போகின்றன என்று 2009இல் எழுதினார். நொடிக்கு 34 அடி அடித்துக்கொண்டே இவ்வளவு தூரம் போக முடியாது. அடியில் அகலமான பின்னிறக்கையை விரித்துப் பருவக்காற்றில் மிதந்தே வருகின்றன.

கண்மாய்க்கரையான்:

ஆமாம் தம்பி, நல்ல தகவல். சகோதரி, தொட்டியைப் பாசி எடுக்கக் காலி செய்வதாக இருந்தால் முதலில் அடியில் பாருங்கள். ஆறு காலோடு, இறக்கை இல்லாமல், சேற்று நிறத்தில் இருப்பவைதான் தட்டான் குஞ்சுகள்.

வாய்க்கால்கரை:

இருவருக்கும் நன்றி. இன்று காலை மாவுச் சல்லடை போட்டு அரித்தோம், ஐந்து கிடைத்தன. வெள்ளைத் தட்டில் தண்ணீர் ஊற்றி விட்டால், தொட்டதும் காலை மடக்கிக்கொண்டு சர்ரென்று முன்னால் பாய்கின்றன. நீந்துவது போலத் தெரியவில்லையே?

கண்மாய்க்கரையான்:

நீந்தவில்லை. குஞ்சுக்குச் செவுள் ஆசனவாய்க்கு உள்ளே இருக்கிறது. மூச்சுக்காக உறிஞ்சிய தண்ணீரை வேகமாகப் பீய்ச்சிவிட்டால் உடம்பு முன்னால் பாயும். தட்டில் கொஞ்சம் மஞ்சள்தூளைத் தூவி மகளைப் பார்க்கச் சொல்லுங்கள், பின்பக்கம் தூள் விலகி ஓடுவது தெரியும். பார்த்ததும் தொட்டியிலேயே விட்டுவிடுங்கள்.