காற்றடைக்கும் படகை எங்கே இறக்கலாம்? கண்மாயா, கழிமுகமா?

கேணிக்கரை வாசி:

அனைவருக்கும் வணக்கம். கொல்லத்தில் எட்டு ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டு, கடந்த ஆனியில் சொந்த ஊரான ராமநாதபுரத்துக்கே மாற்றலாகி வந்திருக்கிறேன். அங்கே இருந்தபோது ஞாயிறுதோறும் அஷ்டமுடிக் காயலில் துடுப்புப் போட்டுப் பழகியவன் என்பதால், இருவர் அமரக்கூடிய காற்றடைக்கும் காயாக் படகு ஒன்றையும் கையோடு கொண்டுவந்தேன். அது மூன்று மாதமாக மச்சில் சுருட்டியபடியே கிடக்கிறது. ஐந்தாம் வகுப்புப் படிக்கும் என் மகன் நாள் தவறாமல் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் பள்ளிக்குப் புறப்படுகிறான்.

என் தகப்பனார் சிறுவயதில் பெரிய கண்மாய்க் கரையில் உட்கார்ந்து, தக்கை கட்டிய தூண்டிலில் கெண்டையும் குறவையும் பிடித்த கதைகளைச் சொல்லித்தான் எங்களை வளர்த்தார். இப்போது எழுபத்திரண்டு வயதாகிறது. கண் நன்றாகத் தெரியும்போதே பேரனுக்குத் தூண்டில் கட்டக் கற்றுக்கொடுத்துவிட வேண்டும் என்று ஆசைப்படுகிறார்.

வீட்டுக்கு மிக அருகில் இருப்பது சக்கரக்கோட்டைக் கண்மாய், அடுத்தது பெரிய கண்மாய். சற்று விலகிப் போனால் வைகை கடலில் சேரும் ஆற்றங்கரை இருக்கிறது. ஐப்பசி மழைக்குப் பின் நீர் நிறைந்ததும் இவற்றில் எங்கே படகை இறக்கலாம், யாருக்கும் இடையூறு இல்லாமல் எங்கே தூண்டில் போடலாம், சிறுவனை வைத்துக்கொண்டு போக எந்த மாதங்கள் ஏற்றவை என்று அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

கலுங்கடி விவசாயி:

தம்பிக்கு வணக்கம். ஆர்.எஸ்.மங்கலம் பெரிய கண்மாய்ப் பாசனத்தில் நான்கு ஏக்கர் நெல் போடுகிறவன் நான். 'நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை' என்று இந்தப் பக்கத்தார் பெருமையோடு சொல்லும் கண்மாய் இதுதான். நாரை கூட ஒரே மூச்சில் கடக்க முடியாத அகலம் என்று பொருள். ஆனாலும் இதை உங்கள் காயலைப் போல நினைத்துவிடாதீர்கள். காயலில் ஆண்டு முழுவதும் நீர் நிற்கும். கண்மாயில் கார்த்திகை, மார்கழியில் ஏறுகிற நீர், மடை திறக்கத் திறக்க வயலுக்குப் போய், மாசி, பங்குனியில் உள்வாய்ப் பக்கம் வெடித்த மண்ணாகத் தெரியத் தொடங்கிவிடும். பார்த்திபனூர் மதகணையிலிருந்து வரும் வைகை நீரை நம்பியிருக்கும் உங்கள் ஊர்ப் பெரிய கண்மாய்க்கும் இதே நிலைதான்.

படகு இறக்குவதில் நான் முதலாவதாக அஞ்சுவது மடையைத்தான். மடை திறந்திருக்கும்போது கரைமேல் நின்று பார்த்தால் தண்ணீர் அசையாமல் கிடப்பதுபோல் இருக்கும். கூர்ந்து பார்த்தால் மட்டுமே, தூம்புக்கு, அதாவது அடியில் நீர் வெளியேறும் குழாய் வாய்க்கு, நேர் மேலே நாலைந்து கருவேலஞ்சருகுகள் ஒரே இடத்தில் மெதுவாகச் சுற்றிக்கொண்டிருப்பது தெரியும். அடியில் இழுப்பு அத்தனை கடுமையாக இருக்கும். எங்கள் வீட்டு எருமைக் கன்று ஒன்று அந்தச் சுழலுக்குப் பக்கத்தில் நீந்தப்போய், தூம்பு வாயில் ஒட்டிக்கொண்டு, மடையைத் திறந்து மூடும் நீர்க்கட்டி ஓடிவந்து ஷட்டரை இறக்குவதற்குள் உயிரை விட்டுவிட்டது. மனிதர்களுக்கும் அப்படி நேர்ந்திருக்கிறது. ஆகவே எந்தக் கண்மாயிலும் மடைக்கு ஐம்பது அடிக்குள் சிறுவனை இறங்க விடாதீர்கள்.

அடுத்தது முள். எட்டு மாதம் காய்ந்து கிடக்கும் தரையில் சீமைக் கருவேலம் முளைத்து, வெட்டியும் வெட்டாமலும் கிடக்கும்போதே மழைநீர் வந்து மூடிவிடும். முழங்கால் ஆழத்தில் நீருக்கு அடியில் நிற்கும் அந்த முள்ளுக்கு டிராக்டர் டயரே தாங்காது. காற்றடைத்த படகைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

மீன் பிடிப்பதற்கும் முறை இருக்கிறது. நாற்பது எக்டேருக்கு மேல் ஆயக்கட்டு (பாசனப் பரப்பு) உள்ள கண்மாய்கள் பொதுவாக நீர்வளத் துறையிடமும் சிறியவை ஊராட்சி ஒன்றியத்திடமும் இருக்கின்றன. மீன்பாசி, அதாவது மீன் பிடிக்கும் உரிமை, ஏலம் போயிருந்தால் குத்தகைதாரர் காசு போட்டுக் குஞ்சு விட்டிருப்பார், அவரைக் கேட்காமல் தூண்டில் போடுவது அவருடைய முதலீட்டில் கைவைப்பதாகும். ஆனால் நேரில் போய், பெரியவர் ஒருவரும் பேரனும் பொழுதுபோக்காக ஒரு மணி நேரம் கரையில் உட்கார விரும்புகிறார்கள் என்று கேட்டால், எனக்குத் தெரிந்து எந்தக் குத்தகைதாரரும் மறுத்ததில்லை. படகை வீட்டிலேயே வைத்துவிட்டு, தை பிறந்த பின் கரையிலிருந்தே போடுங்கள். மண்புழு போதும்.

ஒன்றை மட்டும் பேரனுக்குக் கட்டாயம் காட்டுங்கள். மழைக்காலத்தில் கோரைப்புல் ஓரமாக, செம்மண் கரைசலைத் தெளித்ததுபோல் செந்நிறக் குஞ்சுக் கூட்டம் ஒன்று மேலே வந்து வந்து கொப்பளிக்கும். அதற்குக் கீழே தாய் விராலும் தந்தை விராலும் காவல் நிற்கும். எதைப் போட்டாலும் சீறிக் கடிக்கும் என்பதால் அந்த நேரத்தில் விராலைப் பிடிப்பது மிக எளிது. பிடித்துவிட்டால் அந்தக் குஞ்சுக் கூட்டம் அன்று மாலைக்குள் மற்ற மீன்களுக்கு இரையாகிவிடும். உங்கள் தகப்பனாருக்கு இது தெரியாமல் இருக்காது.

சிவகங்கை, மதுரை, புதுக்கோட்டைப் பக்கங்களில் கோடையில் நீர் வற்றும்போது மீன்பிடித் திருவிழா நடக்கும். ஊர்ப் பெரியவர் வெள்ளைத் துண்டை வீசியதும் ஊத்தாவும் கச்சாவும் கூடையுமாக ஊரே இறங்கும். பேரனை ஒருமுறை அழைத்துப் போங்கள்.

தேர்த்தங்கல் பறவை நோக்கர்:

பள்ளி ஆசிரியராக இருந்துகொண்டு பதினைந்து ஆண்டுகளாகப் பறவைக் கணக்கெடுப்பில் உதவி வருகிறேன். சக்கரக்கோட்டைக் கண்மாயை உங்கள் பட்டியலிலிருந்து நீக்கிவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். அது 2012ஆம் ஆண்டு பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2025இல் தேர்த்தங்கலோடு சேர்ந்து உலக முக்கியத்துவம் வாய்ந்த ராம்சார் ஈரநிலமாகவும் ஏற்கப்பட்டது. சித்திரங்குடி, காஞ்சிரங்குளம் ஆகியவை அதற்கு முன்பே, 2022இல், அந்தப் பட்டியலில் இடம்பெற்றுவிட்டன. மேலச்செல்வனூர், கீழச்செல்வனூர்க் கண்மாய்களும் சரணாலயமே. வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி இவற்றில் வனத்துறை அனுமதியின்றி இறங்கக் கூடாது.

சட்டத்தை விடுங்கள், காரணத்தைச் சொல்கிறேன். கண்மாய் நிறைந்திருக்கும் அதே மாதங்களில்தான் நீருக்குள் நிற்கும் நாட்டுக் கருவேல மரங்களில் மஞ்சள்மூக்கு நாரை, கூழைக்கடா, கரண்டிவாயன் எல்லாம் கூடு கட்டுகின்றன. ஓசையே எழுப்பாத துடுப்புப் படகாக இருந்தாலும், மரத்தடிக்கு வந்தால் தாய்ப்பறவை எழுந்து பறந்துவிடும். நண்பகல் வெயிலில் இறகு முளைக்காத குஞ்சுக்குத் தாயின் சிறகுதான் நிழல், சிறிது நேரம் அது இல்லாவிட்டாலே குஞ்சு துவண்டுபோகும். காகம் காத்திருந்து முட்டையைத் தூக்கும். சிவகங்கை மாவட்டம் வேட்டங்குடிச் சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுகுடிப்பட்டி மக்கள் பறவைகளுக்காகவே தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. கரையிலிருந்து பைனாகுலரில் பார்க்க உங்கள் மகனை எந்த ஞாயிற்றுக்கிழமையும் அழைத்து வாருங்கள்.

வடகடல்:

அண்ணனுக்கு வணக்கம். ஆற்றங்கரைக்குப் பக்கத்து ஊர், நாட்டுப்படகுத் தொழில். விவசாயி ஐயா மடையைப் பற்றிச் சொன்னதுபோல, நான் காற்றைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது.

உங்கள் படகுக்கு இந்தப் பகுதியில் பொருத்தமான இடம் ஆறு கடலில் சேரும் முகத்துவாரத்துக்கு உட்புறம்தான். மழை வெள்ளம் இறங்கும் நாட்களில் அங்கே போகவே கூடாது. கலங்கல் நீர் மரக்கட்டையும் முள்மரமும் அடித்துக்கொண்டு வரும், மணல்திட்டுகளும் அப்போதுதான் இடம் மாறும். கார்த்திகையிலிருந்து தை வரை வாடைக் காற்று. பாக் விரிகுடாவான வடகடல் கொந்தளிக்கும் என்பதால் யாரும் சொல்லாமலே நீங்கள் போகமாட்டீர்கள்.

ஏமாற்றும் பருவம் வேறு. வைகாசி முதல் ஆவணி வரை தென்மேற்குப் பருவக் காற்றுகளான கச்சானும் சோழகமும் வீசும்போது மன்னார் வளைகுடாவான தென்கடல்தான் எழும்பி அடிக்கும். நம் பக்கத்து வடகடல், கரையோரம் எண்ணெய் ஊற்றியதுபோல் கிடக்கும். அதைப் பார்த்துத்தான் வெளியூரார் இறங்குகிறார்கள். காற்று தரையிலிருந்து கடலை நோக்கி வீசுவதால் கரையில் அலை எழும்புவதில்லை, அவ்வளவுதான். காற்றடைத்த படகு நீருக்கு மேலே உயர்ந்து மிதப்பதால் காற்று அதைப் பாய்போலப் பிடித்துத் தள்ளும். போகும்போது கை வலிக்காது. திரும்பும்போதுதான் துடுப்பு எத்தனை போட்டாலும் படகு நின்ற இடத்திலேயே நிற்பது தெரியும். இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஓர் ஆடியில் நண்டு வலை எடுத்துத் திரும்பிய நான், கரையிலிருந்து ஏறக்குறைய மூன்று கிலோமீட்டர் தொலைவில் இதேபோன்ற படகில் இரண்டு இளைஞர்களைக் கண்டேன். ஒருவர் துடுப்பைப் போட முடியாமல் உள்ளங்கைத் தோல் உரிந்து கையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். குடிக்கத் தண்ணீர் இல்லை. கயிற்றைக் கட்டி இழுத்து வந்தோம். வாடை அடிக்கும்போது தவறினால் கரையில் ஒதுங்கலாம். கச்சானில் தவறினால் ஒதுங்கக் கரை இல்லை.

எனவே மாசி, பங்குனி, சித்திரைத் தொடக்கம், அதுவும் விடிந்ததிலிருந்து பத்து மணி வரை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடை விசைப்படகுகளுக்கானது, அதை நினைத்து நீங்கள் தயங்க வேண்டாம்.

மகனுக்கு முதல் மீன் கிழங்கானாக இருக்கட்டும். மணல் தரையில் மேயும், சிறிய தூண்டில் முள், மெல்லிய தங்கூசி நரம்பு, நகத்தளவு இறால் துண்டு போதும். தட்டியதும் கைக்குத் தெரியும். மடவை துள்ளுவதைப் பார்த்து ஆசைப்படாதீர்கள், அது சேற்றுப் பாசியை மேய்வது, தூண்டிலுக்கு எளிதில் வராது, வீச்சு வலைக்குத்தான் வரும். உயிர் இறால் போட்டால் கொடுவா எடுக்கும். கொடுவா ஆணாக வளர்ந்து, பல ஆண்டு சென்று பெரிதான பின் பெண்ணாக மாறுகிற மீன் என்பதால், மிகப் பெரிதாக ஒன்று மாட்டினால் அது முட்டையிடும் தாய் என்று எண்ணி விட்டுவிடுவதே நல்லது என்பது என் எண்ணம். கடல் கெளுத்தியின் முள்ளையும் ஒரா மீனின் முள்ளையும் சிறுவன் வெறுங்கையால் தொடக் கூடாது. ஆழமில்லாத இடத்தில் இறங்கி நடந்தால் காலைத் தூக்கி வைக்காமல் மணலை உழுவதுபோல் தேய்த்து நடக்கச் சொல்லுங்கள், புதைந்து கிடக்கும் திருக்கை விலகிப் போய்விடும். கடலட்டை, கடல்குதிரை கண்ணில் பட்டால் பார்த்துவிட்டு விட வேண்டும், 2001 முதல் அவற்றை எடுப்பது குற்றம்.

இறங்கும் முன் கரையில் வலை கட்டிக்கொண்டிருப்பவர்களிடம் எங்கே வலை போட்டிருக்கிறது என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

கேணிக்கரை வாசி:

மூவருக்கும் நெஞ்சார்ந்த நன்றி. சக்கரக்கோட்டையை விட்டுவிட்டேன். அப்பாவிடம் விரால் குஞ்சுகளைப் பற்றிப் படித்துக் காட்டினேன். "அதற்குப் பார்ப்பு என்று பெயர், அதை எழுதச் சொல்" என்றார். தை மாதம் குத்தகைதாரரைக் கேட்டுவிட்டு அவரையும் பேரனையும் கரையில் உட்கார வைக்கிறேன். படகைப் பொறுத்தவரை ஒரு சந்தேகம்: காரங்காட்டில் அலையாத்திக் காட்டுக்குள் வனத்துறையும் ஊர் மக்களும் சேர்ந்து படகுச் சவாரி நடத்துகிறார்களே, அங்கே சொந்தப் படகை இறக்கலாமா?

வடகடல்:

சொந்தப் படகை அங்கே கொண்டுபோக வேண்டாம், அண்ணா. அது வனத்துறைப் பொறுப்பில் உள்ள காடு. அனுமதி ஒரு பக்கம் இருக்க, அலையாத்தி மரங்களின் மூச்சு வேர்கள் சேற்றிலிருந்து விரல் விரலாக ஈட்டிபோல் நிமிர்ந்து நிற்கும். இந்தக் கடலில் ஏற்றவற்றம் ஒரு மீட்டருக்கும் குறைவுதான் என்றாலும், அந்த ஒரு சாண், இரு சாண் வற்றும்போது அவை படகின் அடியைக் குத்தும். அங்கே அவர்கள் காயாக் படகும் வைத்திருக்கிறார்கள், கட்டணம் கட்டி அதில் ஏறுங்கள். வாய்க்கால் தெரிந்த ஊர்ப்பிள்ளை ஒருவர் கூட வருவார், அந்த வருமானமும் காட்டைக் காக்கிற ஊருக்கே போகும்.

உங்கள் படகை மாசியில் ஆற்றங்கரைக்கே கொண்டு வாருங்கள். துடுப்பின் நுனியில் ஒரு முழம் பருத்தி நூலைக் கட்டிக்கொள்ளுங்கள். அந்த நூல் கடல் பக்கம் நீட்டிப் பறக்கத் தொடங்கினால், மீன் கடித்துக்கொண்டிருந்தாலும் திரும்பிவிட வேண்டும். மகனுக்கு லைஃப் ஜாக்கெட் வாங்கும்போது கால்களுக்கு இடையில் மாட்டும் பட்டை உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். பட்டை இல்லாதது, சிறுவர்கள் நீரில் விழுந்ததும் கழுத்துக்கு மேல் ஏறிக் கழன்றுவிடும்.