சென்னை வார்டு வாரியான வெப்ப ஆபத்து வரைபடம்: தகரக் கூரைப் பகுதிகள் ஏன் நடுவில் போய் நிற்கின்றன?

வரைகோல் (கேள்வி)

சென்னை மாநகராட்சியின் 200 வார்டுகளில் கடும் வெயில் யாரை அதிகம் தாக்கும் என்று வரிசைப்படுத்த வேண்டும். எடுத்துக்கொண்டவை: ஏப்ரல், மே மாத லேண்ட்சாட் 8 செயற்கைக்கோளின் தரைச்சூடு, வேர்ல்ட்பாப் (கட்டம் கட்டமாக மக்கள்தொகையை மதிப்பிட்டுத் தரும் தரவு) மக்கள்தொகை, அதிலேயே கிடைக்கும் 60 வயது தாண்டியோர் எண்ணிக்கை, 2011 கணக்கெடுப்பின் கூரை வகை. எல்லாவற்றையும் 0 முதல் 1 வரையிலான அளவுக்குக் கொண்டுவந்து கூட்டினேன். மீனம்பாக்கம் ஓடுபாதைப் பக்கமும் புறநகர்த் தரிசும் உச்சியில் வருகின்றன. தகரக் கூரை நிறைந்த வியாசர்பாடியும் புளியந்தோப்பும் நடுவில். இரண்டு மூன்று வார்டுகளில் சராசரி 12 டிகிரி என்றுகூட வருகிறது. ஒவ்வொரு காரணிக்கும் தரும் எடையை மாற்றினால் சரியாகுமா?

கோடைக்காற்று

எடையில் கை வைக்காதீர்கள். கோளாறு உள்ளே போகும் தரவில் இருக்கிறது.

முதலில் அந்த 12 டிகிரி. லேண்ட்சாட்டின் இரண்டாம் நிலைத் தரவில் (தரைச்சூடாகவே கணக்கிட்டுத் தருவது) பிக்சல் எண்ணை 0.00341802-ஆல் பெருக்கி 149 கூட்டினால் கெல்வின், அதிலிருந்து 273.15 கழிக்க வேண்டும். எண் 48,000 என்றால் 39.9 டிகிரி வரும். தரவே இல்லாத பிக்சலின் எண் 0. அதையும் இதே கணக்கில் போட்டால் மைனஸ் 124.15. வார்டுக்குள் இப்படி ஆறில் ஒரு பங்கு பிக்சல் இருந்தாலே சராசரி 12-க்கு விழுந்துவிடும். கியூஜிஐஎஸ் வரைபட மென்பொருளில் 0-வைத் தரவற்றது என்று குறித்துவிட்டு, மேகத்தையும் நீக்கிய பிறகே சராசரி எடுங்கள்.

அடுத்தது நேரம். லேண்ட்சாட் சென்னைக்கு மேலே வருவது காலை பத்தரையை ஒட்டி. அந்த நேரத்தில் வேகமாகச் சுடுவது காய்ந்த மண்ணும் தாரும்தான். நெருங்கிக் கட்டிய கான்கிரீட் அப்போதுதான் வெயிலைக் குடிக்கத் தொடங்கியிருக்கும். வாங்கியதை இரவில் விடும். கடற்காற்றும் பெரும்பாலும் அதற்குப் பிறகுதான் உள்ளே நுழைகிறது. மேற்குக் காற்று அதைத் தடுத்து நிறுத்தும் நாட்களில்தான் ஊர் வேகும். இவை எதுவும் உங்கள் படத்தில் இல்லை. அக்வா செயற்கைக்கோளின் மோடிஸ் கருவி நள்ளிரவுக்குப் பிறகு எடுத்த படம் 1 கிலோமீட்டர் அளவில் கிடைக்கும். விண்வெளி நிலையத்தில் உள்ள ஈகோஸ்ட்ரெஸ் கருவியின் படம் சுமார் 70 மீட்டர் அளவு, ஆனால் ஒவ்வொரு முறையும் வேறு நேரம்; இரவுப் படங்களை மட்டும் பொறுக்கிக்கொள்ளுங்கள்.

தகரத்தில் இன்னொரு சிக்கல். பளபளப்பான புதுத் தகரம் எவ்வளவு சுட்டாலும் வெப்பக் கதிரைக் குறைவாகவே வெளிவிடும். அதனால் செயற்கைக்கோளுக்கு அது குளிர்ந்த கூரையாகத் தெரியும். அதன் அடியில் பிள்ளையைத் தூங்கவைக்கிறவர்களுக்கு அது அடுப்பு. எனவே கூரையைத் தரைச்சூட்டோடு சேர்த்துக் கரைக்காதீர்கள். 'வீட்டுக்குள் சூடு' என்று தனிக் காரணியாக வையுங்கள். கணக்கெடுப்பின் வீட்டுப் பட்டியலில் தகரமும் சிமெண்ட் ஷீட்டும் ஒரே பத்தி. ஓலைக்கு வேறு பத்தி. ஓலையைத் தகரத்தோடு கூட்டிவிட வேண்டாம், ஓலைக்குள் அவ்வளவு வேகாது.

தலைக்கட்டு

மக்கள்தொகைப் பக்கம் அதைவிட மோசம். வார்டு அளவிலான கணக்கெடுப்பு அட்டவணையில் 0-6 வயது மட்டுமே உண்டு, முதியவர் எண்ணிக்கை கிடையாது. வேர்ல்ட்பாப் ஒரு பெரிய பரப்பின் வயது விகிதத்தை எடுத்து எல்லாக் கட்டங்களுக்கும் பரப்புகிறது. ஆக உங்கள் '60 தாண்டியோர்' அடர்த்தியின் நகல்தான். ஒரே காரணியை இருமுறை கூட்டியிருக்கிறீர்கள். இரண்டுக்கும் ஒட்டுறவுக் கெழு (இரண்டும் எவ்வளவு சேர்ந்தே ஏறி இறங்குகின்றன என்று காட்டும் எண்) போட்டுப் பாருங்கள், 1-ஐ நெருங்கி நிற்கும்.

மாற்று வழி வாக்காளர் பட்டியல். வாக்குச்சாவடி வாரியாக வயது இருக்கிறது. படமாக வரும் பிடிஎஃப் என்பதால் எழுத்துணரி (படத்தில் உள்ள எழுத்தைப் படிக்கும் மென்பொருள்) ஓட்ட வேண்டும். வயதை மட்டும் எடுத்துக்கொண்டு பெயர், முகவரியை அப்போதே அழித்துவிடுங்கள். வெளிமாநிலக் கட்டுமானத் தொழிலாளர்கள் இதில் வரமாட்டார்கள்; பகலில் வெயிலில் நிற்கிறவர்கள் அவர்கள்தான், எனவே அவர்களுக்குத் தனி அடுக்கு வேண்டும்.

எல்லையையும் பாருங்கள். 2011 கணக்கெடுப்பு பழைய 155 வார்டுகளுக்கானது. இன்று சென்னை மாநகராட்சிக்குள் இருந்தாலும், அதில் அம்பத்தூர் திருவள்ளூர் மாவட்டத்தில் தனி நகராட்சியாகவும், ஆலந்தூர் காஞ்சிபுரத்திலும் இருக்கும். வார்டு எண்ணை வைத்து இணைத்தால் வேறு ஊரின் கூரை வேறு ஊருக்குப் போய்விடும். பரப்பளவு விகிதத்திலும் பிரிக்காதீர்கள், கட்டடப் பரப்பின் விகிதத்தில் பிரியுங்கள்.

வரைகோல்

0 பிக்சல்தான், சரியாகிவிட்டது. நன்றி. இதையே 2050-க்கும் போட வேண்டும். நாசாவின் நெக்ஸ் காலநிலை மாதிரித் தரவின் தினசரி உச்ச வெப்பநிலை, சராசரி ஈரப்பதம் இரண்டையும் வைத்து ஈரக்குமிழ் வெப்பநிலை (ஈரத்துணி சுற்றிய வெப்பமானி காட்டும் அளவு; வெப்பம், ஈரப்பதம் இரண்டையும் சேர்த்துச் சொல்வது) கணக்கிடலாமா?

கோடைக்காற்று

கூடாது. உச்ச வெப்பம் வரும் நேரத்தில்தான் ஒப்பு ஈரப்பதம் (காற்று தாங்கக்கூடிய ஈரத்தில் எத்தனை சதவீதம் இருக்கிறது என்பது) மிகக் குறைவு. நாள் சராசரியை அதோடு சேர்த்தால் நடக்காத ஒரு நாளை உருவாக்கிவிடுவீர்கள், ஈரக்குமிழ் பல டிகிரி ஏறிவிடும். அந்தத் தரவிலேயே தன் ஈரப்பதம் (ஒரு கிலோ காற்றில் உள்ள நீராவியின் அளவு) இருக்கிறது, அதைப் பயன்படுத்துங்கள். பழைய ஆண்டுகளுக்கு எரா5-லேண்ட் என்ற கடந்தகால வானிலைத் தரவின் மணிவாரி வெப்பநிலையும் பனிநிலையும் (காற்றின் ஈரம் பனியாகப் படியத் தொடங்கும் வெப்பநிலை) போதும்.

ஆனால் ஈரக்குமிழை விட்டுவிடாதீர்கள். 42 டிகிரியில் 20 சதவீத ஈரப்பதம் என்றால் ஈரக்குமிழ் 24. 35 டிகிரியில் 70 சதவீதம் என்றால் 30. இரண்டாவதுதான் சென்னையின் வெயில். கடலோரத்துக்கு வானிலைத் துறையின் வெப்ப அலை வரையறை 37 டிகிரியும், இயல்பைவிட 4.5 டிகிரி கூடுதலும். அந்த 35 டிகிரி நாள் அதில் சிக்கவே சிக்காது. எரா5-லேண்டின் கட்டம் ஏறக்குறைய 9 கிலோமீட்டர், வார்டைப் பிரிக்காது. மோசமான நாட்களைத் தேர்ந்தெடுக்க மட்டும் அதை வைத்துக்கொள்ளுங்கள்.

2050 வெப்பத்தை 2011 மக்கள் மேல் போடுவதும் தவறு. 1990-ல் பிறந்தவருக்கு அப்போது 60. வயதுக் கட்டமைப்பையும் நகர்த்துங்கள்.

தலைக்கட்டு

சரிபார்க்காமல் வெளியிடாதீர்கள். வெப்பத் தாக்கு என்று எழுதப்பட்ட இறப்புகள் போதாது. பெரும்பாலானவை மாரடைப்பு, சிறுநீரகச் செயலிழப்பு என்றே பதிவாகும். அகமதாபாத்தில் 2010 மே மாதக் கூடுதல் இறப்பு 1,344 என்று தெரிந்தது எல்லாக் காரண இறப்புகளையும் முந்தைய, பிந்தைய ஆண்டுகளோடு ஒப்பிட்டதால்தான். நீங்களும் அப்படியே எடுங்கள், வெப்ப நாளும் அடுத்த மூன்று நாட்களும். வார்டுக்கு ஒரு நாள் எண்ணிக்கை மிகச் சிறியது, மண்டல அளவில் கூட்டுங்கள். இறப்பு, நடந்த இடத்தில்தான் பதிவாகிறது. அதனால் பெரிய அரசு மருத்துவமனை இருக்கும் வார்டு சிவப்பாக எரியும். சான்றிதழில் இருக்கும் நிரந்தர முகவரியின் வார்டுக்கு மாற்றிய பிறகே வரிசையோடு ஒப்பிடுங்கள்.