நைட் முடிந்தும் தூக்கம் வரவில்லை, தமிழில் கதைக்க ஒருவர் தேவை

கொழும்பில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஐசியூ தாதியாக 6 வருடம். மூன்று மாதமாக, நைட் டியூட்டி முடிந்து வெள்ளவத்தை அறைக்கு வந்தால் தூக்கம் இல்லை. கண்ணை மூடினாலும் மொனிட்டர் அலாரம்தான் கேட்கிறது. போன கிழமை ஒரு நோயாளி இறந்தபோது எனக்கு ஒன்றுமே தோன்றவில்லை. அதுதான் பயமாக இருக்கிறது.

மேற்றனிடம் (தலைமைத் தாதியிடம்) சொன்னேன். "எல்லாருக்கும் உள்ளதுதானே பிள்ளை" என்று ஒரு கிழமைக்கு மட்டும் ரோஸ்டரை மாற்றித் தந்தார். சரி, மெடிக்கல் லீவ் எடுப்போம் என்று போனால், பர்ன்அவுட் (வேலை அழுத்தத்தால் மனம் களைத்துப்போவது) நோயே இல்லை, வேலை சார்ந்த நிலை என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்னதை நிர்வாகத்தில் எடுத்துக் காட்டினார்கள். (வேலைதான் காரணம் என்று அவர்களே ஒத்துக்கொண்ட மாதிரி!)

1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கு ஒரு இரவு கோல் எடுத்தேன். ஆறுதலாகக் கதைத்தார்கள். ஆனால் எனக்கு ஒரே ஆளிடம் தொடர்ந்து போக வேண்டும். ஆஸ்பத்திரி கவுன்சிலருக்குத் தமிழ் தெரியாது. எனக்குச் சிங்களம் நன்றாக வரும், அழுகை மட்டும் தமிழில்தான் வருகிறது.

வெள்ளவத்தை, தெஹிவளைப் பக்கம், ஞாயிறிலோ மாலை 7க்குப் பிறகோ பார்க்கக்கூடிய, தமிழ் பேசும் உளவளத்துணையாளர் யாரையாவது உங்களுக்குத் தெரியுமா?