ஆள் மெலிஞ்சா அது இல்லத்தோட குத்தமா?

தொண்டிக்காரன்:
முதியோர் இல்லத்துல சேர்த்த ஆறே மாசத்துல ஆள் பாதியாகிடுறாங்க. கேட்டா "வயசாயிடுச்சுல்ல" என்று ஒரே பதில். 50 கிலோ இருந்தவர் ஒரு மாதத்தில் 2.5 கிலோ, அல்லது ஆறு மாதத்தில் 5 கிலோ இறங்கினால் மருத்துவர்கள் அதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்வதில்லை. சோறு போடும் பொறுப்பு இல்லத்துடையது. ஆகவே மெலிவுதான் சாட்சி.

பாம்பன்காத்து:
கணக்கு சரி, தீர்ப்புதான் அவசரம். காசநோய், புற்றுநோய், தைராய்டு, கட்டுக்கடங்காத சர்க்கரை, மனச்சோர்வு எல்லாமே எடையை இறக்கும். சர்க்கரைக்குக் கொடுக்கும் மெட்ஃபார்மின் மாத்திரை சிலருக்குப் பசியைக் கெடுக்கும். இதய மருந்தான டிகாக்சின் ரத்தத்தில் கூடினால் குமட்டும். மறதிநோய் முற்றியவர் கவளத்தைக் கன்னத்தில் ஒதுக்கிவைத்துக்கொண்டு விழுங்காமலே உட்கார்ந்திருப்பார். அவசரப்பட்டு ஊட்டினால் புரையேறி நிமோனியா வரும்.

ராமேசுவரத்தில் கோயில் பக்கம் விட்டுவிட்டுப் போன பெரியவர்களைக் கொண்டுவரும்போதே எலும்பும் தோலுமாகத்தான் இருக்காங்க. பல நாள் பட்டினி கிடந்தவருக்கு முதல் நாளே வயிறுமுட்டப் போட்டால் ரத்தத்தில் பாஸ்பேட், பொட்டாசியம் என்ற உப்புகள் சரிந்து இதயத்துடிப்பு தாறுமாறாகும். மருத்துவர் மேற்பார்வையில் தயமின் (வைட்டமின் பி1) கொடுத்து, சாப்பாட்டை நாளாக நாளாகத்தான் கூட்டணும். அதுவரை அவர் மெலிவாகத்தான் தெரிவார். அதுவும் புறக்கணிப்பா?

தொண்டிக்காரன்:
இல்லை. ஆனால் சேர்ந்த அன்றே எடை பார்த்து எழுதியிருந்தால்தானே "வரும்போதே இப்படித்தான்" என்று சொல்ல முடியும்? அந்த நோட்டைக் காட்டச் சொன்னால் பாதி இடத்தில் எடை மெஷினே கிடையாது.

உச்சிப்புளி செவிலி:
ரெண்டு பேரும் எடையிலேயே நிக்கிறீங்க. ஊட்டுற கணக்கைப் பாருங்க. தானே சாப்பிட முடியாதவருக்கு ஒரு வேளை ஊட்ட 30 நிமிடம் ஆகும், விழுங்கச் சிரமம் இருந்தால் 45. அப்படி எட்டுப் பேர், ஊட்ட ஒரே ஆள் என்றால் ஒரு வேளைக்கே 4 மணி நேரம். யாரால் முடியும்? தட்டை முன்னால் வைப்பார்கள், அரை மணியில் எடுத்துவிடுவார்கள், நோட்டில் "சாப்பாடு கொடுத்தாச்சு". கொடுத்ததைத்தான் எழுதுறாங்க, உள்ளே எவ்வளவு போச்சு என்று எழுதுறதில்லை. முழுசு, முக்கால், பாதி, கால் என்று தட்டில் மிஞ்சினதைப் பார்த்துக் குறித்தால் மூன்றே நாளில் யார் சாப்பிடலைன்னு தெரிஞ்சிடும்.

அமாவாசை, திதி, பிறந்தநாள்னு வர்ற நன்கொடைச் சாப்பாடு இன்னொரு சிக்கல். பிரியாணி, வடை, அப்பளம். பல்செட் டப்பாவுக்குள்ளேயே கிடக்கும். மெலிஞ்சதும் ஈறு சுருங்கி அது பொருந்தாது. அன்று மதியம் தடபுடல், சாயங்காலம் 6 மணிக்கு ரசஞ்சோறு, அடுத்தது காலை 8 மணிக்கு இட்லி. நடுவில் 14 மணி நேரம் வயிறு காலி. ராத்திரி 8 மணிக்கு ஒரு டம்ளர் பாலும் வாழைப்பழமும் கொடுக்க என்ன கேடு? (சர்க்கரைக்காரருக்குப் பழத்துக்குப் பதில் சுண்டல் மசியல்.)

படுக்கை நனையும்னு தண்ணியைக் குறைக்கிறதை நான் பச்சையாகவே புறக்கணிப்பு என்பேன். நாக்கு வறண்டு, சிறுநீர் கருமஞ்சளா, ஆள் திடீர்னு குழம்பிப் பேசினால் முதலில் அதைச் சந்தேகப்படணும். நம்ம பக்கம் உப்புத்தண்ணி வேற, பெரியவங்க வாயில் வைக்கவே மாட்டாங்க.

பாம்பன்காத்து:
ஆள் பற்றாக்குறையை ஒத்துக்கிறேன் மேடம். ஆனா செலவைப் பாருங்க. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. மீன் விலை எகிறும். இல்லம் எங்கே போகும்?

தொண்டிக்காரன்:
அண்ணே, தடை விசைப்படகுக்குத்தான். நாட்டுப்படகு மீன் வரத்தான் செய்யுது. அதுவும் வேண்டாம், முட்டை என்ன கடலிலா விளையுது? 50 கிலோ ஆளுக்கு நாளைக்கு 50 கிராம் புரதம் வேணும். ரெண்டு முட்டையில் 12, ரெண்டு டம்ளர் பாலில் 12 அல்லது 13. மிச்சம் பருப்பு, தயிர், சோறு. மீன் இல்லைன்னு கருவாட்டுக் குழம்பு ஊத்தினா ரத்தக்கொதிப்புக்காரருக்கு உப்பு ஏறிக் கால் வீங்கும்.

உச்சிப்புளி செவிலி:
வீக்கம்னதும் ஒண்ணு. கால் வீங்கியிருந்தா மெஷினில் எடை குறையாது, ஆனா உள்ளே சதை கரைஞ்சுகிட்டிருக்கும். கெண்டைக்காலைச் சுத்தி அளந்தா 31 செ.மீ.க்குக் கீழே எச்சரிக்கை. வீங்கின காலில் அந்த அளவும் பொய் சொல்லும். நெற்றிப்பொட்டுக் குழியும் கழுத்தெலும்புக்கு மேலே விழும் பள்ளமும் பொய் சொல்லாது. வால் எலும்பு, குதிகால் ரெண்டிலும் புண் இருக்கான்னு துணியை விலக்கிப் பாருங்க.

பாம்பன்காத்து:
ஒருத்தர் மெலிஞ்சா நோயாகவும் இருக்கலாம் என்பதை நான் விடமாட்டேன்.

உச்சிப்புளி செவிலி:
விட வேண்டாம் சார். ஒருத்தர் மெலிஞ்சா மருத்துவரிடம் காட்டின சீட்டு இருக்கான்னு கேட்பேன். ஒரே வராண்டாவில் நாலு பேர் சேர்ந்து மெலிஞ்சா சமையலறையையும் வேலையாள் பட்டியலையும் கேட்பேன்.

தொண்டிக்காரன்:
வீட்டுக்காரங்க எப்படிக் கண்டுபிடிக்கிறது? போற நேரமெல்லாம் சுத்தமா உடுத்தி உட்கார வச்சிருக்காங்க.

உச்சிப்புளி செவிலி:
சொல்லாமப் போங்க, மதியம் பன்னிரண்டரைக்கு. ஓரமா நில்லுங்க, மறதிநோய்க்காரர் ஆளைப் பார்த்தா சாப்பாட்டை விட்டுடுவார். யார் ஊட்டுறாங்க, முதுகு நிமிர்ந்து உட்கார்ந்திருக்காரா, தட்டில் எவ்வளவு மிச்சம், இது மூணும் போதும். அப்புறம் போன மூணு மாத எடை நோட்டைக் கேளுங்க. காட்ட மறுத்தா 14567, மூத்த குடிமக்கள் உதவி எண். எழுத்து மூலமா மாவட்ட சமூக நல அலுவலகத்துக்கும் ஒரு மனு, எடையும் தேதியும் போட்டு.