நான்கு வருட வீசாவில் ஐந்து வருடக் கலாநிதிப் படிப்பு

கல்லடிக்காரி:
வந்தாறுமூலை கிழக்குப் பல்கலைக்கழகத்தில் இரசாயனவியல் முடித்தவள். அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் கலாநிதிப் படிப்புக்கு இடம் கிடைத்திருக்கிறது. கடிதத்தில் ஐந்து வருடம், ஐந்து வருடமும் உதவித்தொகை. இதற்கிடையில் 2025 ஆகஸ்டில் அந்நாட்டு அரசு மாணவர் தங்கும் காலத்தை நான்கு வருடத்துக்குள் அடக்க ஒரு விதியை முன்மொழிந்த செய்தியை அப்பா பத்திரிகையில் வெட்டி வைத்திருக்கிறார். விமான டிக்கெட்டுக்கும் முதல் மாத வாடகைக்கும் அம்மாவின் காப்பு இரண்டும் அடகில். "நாலாம் வருஷம் திருப்பி அனுப்பினால் காப்பும் போச்சு, பட்டமும் போச்சு" என்கிறார். அங்கே படித்தவர்கள் சொல்லுங்கள்.

அக்கரைப்பற்றான்:
தங்கச்சி, வாப்பாமார் எல்லோருக்கும் இந்தப் பயம்தான். கடவுச்சீட்டில் ஒட்டும் வீசாவின் திகதி, வாசலுக்குள் நுழைவதற்கு. உள்ளே எவ்வளவு காலம் இருக்கலாம் என்பதை, நுழையும்போது போடும் ஐ-94 என்ற வருகைப் பதிவு சொல்லும். பல பத்து வருடங்களாக மாணவர்களுக்கு அதில் திகதி போடாமல் 'டி/எஸ்' என்றே எழுதி வந்தார்கள். படிப்பு ஒழுங்காக நடக்கும்வரை இருக்கலாம் என்று பொருள். முன்மொழிவு கைவைப்பது அந்த இரண்டு எழுத்தில். நான்கு வருடம் முடிந்ததும் விமானத்தில் ஏற்றிவிடுவார்கள் என்று அதில் இல்லை. மேலும் இருக்க அரசிடம் நீடிப்புக் கேட்க வேண்டும். படிப்பு முடிந்தபின் புறப்படத் தரும் 60 நாளும் 30 ஆகும்.

வித்தியாசம் எங்கே உறைக்கும் என்றால், எனக்கு ஐந்தரை வருடம் ஆனது. மூன்றாம் வருடம் ஆய்வுகூட இயந்திரம் ஏழு மாதம் பழுது. மேற்பார்வையாளர் நான்கு வரி எழுதிக் கொடுத்தார். வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் ஒரு பெண்மணி சாப்பாட்டுப் பெட்டியை ஓரமாகத் தள்ளிவிட்டு, படிப்புக் காலத்தைக் காட்டிப் பல்கலைக்கழகம் தரும் என் ஐ-20 படிவத்தின் முடிவுத் திகதியை மாற்றி அச்சிட்டுத் தந்தார். ஒரே பின்னேரம். அந்தப் பின்னேரம் இனி கட்டணம், கைரேகை, மாதக்கணக்கில் காத்திருப்பு என்று ஆகலாம்.

2020 இலும் இதே யோசனை வந்து, 2021 இல் மீளப்பெறப்பட்டது. அதை நம்பி இருக்கவும் வேண்டாம். புறப்படுமுன் எது அமுலில் இருக்கிறது என்று அந்த அலுவலகத்திடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

இன்னொன்று. ஒட்டிய வீசா முடிந்தபின் ஊருக்கு வந்தால், திரும்பிப் போகப் புது வீசா வேண்டும். மூத்தம்மா மௌத்தானபோது அந்தப் பயத்தில் நான் வரவில்லை. இன்றும் உம்மா அதைச் சொல்லிக் காட்டுவார்.

களுவாஞ்சிக்குடி மருமகன்:
பிரித்தானியாவையும் பாருங்கள் தங்கச்சி. அங்கே வீசாவில் முதலிலிருந்தே திகதி உண்டு. ஒரு வருடமோ அதற்கு மேலோ நீளும் படிப்பென்றால் முடிந்தபின் நான்கு மாதம் கூடுதல். இளமாணிக்கு மாணவர் வீசாவில் இருக்கப் பொதுவாக மொத்தம் ஐந்து வருட வரம்பு. முதுமாணி, கலாநிதிக்கு 2020 ஒக்டோபரிலிருந்து அந்த வரம்பு இல்லை. ஆனால் உதவித்தொகையோடு ஐந்து வருடம் அங்கே லேசில் கிடைக்காது. கையிலிருப்பதை விடாதீர்கள்.

கல்லடிக்காரி:
இரண்டு அண்ணாமாருக்கும் நன்றி. அலுவலகத்துக்கு இன்றே எழுதிவிட்டேன். அப்பாவுக்கு முழுவதையும் வாசித்துக் காட்டினேன். எல்லாம் கேட்டுவிட்டு, இயந்திரம் பழுதாகாத பல்கலைக்கழகமாகப் பார்க்க முடியாதா என்கிறார்.